கையைக் கழுவிவிட்டுத் தொடவும்

சிறுசேரியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. முகம் தெரியாத மனிதர்களின் கோபத்தைப் படித்து ரகம் பிரிப்பது. மாமனார் வீட்டில் இதை ஆராய்ச்சி என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மையில், கடல் தாண்டி இருந்த ஒரு நிறுவனத்தின் கணினி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதும் புகார்களைத் திறந்து, இது பயம், இது வசவு, இது நியாயமான கேள்வி என்று தனித்தனிப் பெட்டிகளில் போட வேண்டும். அவ்வளவுதான். நியாயமான கேள்விப் பெட்டி எப்போதும் காலியாகவே கிடக்கும். ஜனங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த நிறுவனம் தன் இயங்குதளத்தின் முகத்தை ஒரேயடியாக மாற்றியது. இனி உலகம் விரலால்தான் நடக்கும் என்று அங்கே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். மேசைக் கணினியைத் திறந்தால் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். தொட வேண்டும், தள்ள வேண்டும், ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும். இடது மூலையில் காலம் காலமாக உட்கார்ந்திருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். கணினியை அணைக்கும் இடத்தை வலது ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள்.

கடிதங்கள் குவிந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். சாராம்சம், என் பொத்தானை எடுத்தது யார். இன்னொருவர், மூன்று நாளாகக் கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது, அணைக்கத் தெரியவில்லை, நான் வெளியூர் போக வேண்டும், இதை இப்படியே தனியாக விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தார். ஒருவர் வெறுமனே "ஏன்?" என்று எழுதியிருந்தார். முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் கிடையாது. அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அரை நாள் யோசித்து, வசவில் போட்டேன்.

எல்லோருக்கும் பொதுவான பதிலை எழுதியவன் நான்தான். "புதிய அனுபவத்துக்குப் பழகச் சிறிது காலம் ஆகலாம். உங்கள் பொறுமைக்கு நன்றி." மேலிடத்தில் பாராட்டினார்கள். மனிதர்களுக்கு மாற்றம் என்றாலே ஆவதில்லை என்று மதியச் சாப்பாட்டின்போது சக ஊழியர்களுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அன்று சாயங்காலம் மாமல்லபுரத்தில் வீட்டுக்கு வந்து, ஆபீசில் கொடுத்த புது லேப்டாப்பை அணைக்க முடியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் முடியலையா?" என்றாள் மனைவி.

"அப்டேட் ஆயிட்டு இருக்கு."

"எது, அதுவா? நீங்களா?"

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, பேட்டரியை உருவி அணைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் மச்சான் என்னிடம் யோசனை கேட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஐந்து ரதம் போகிற சாலையில் அவருக்கு ஒரு கல்பட்டறை. எட்டு பேர் வேலை செய்கிறார்கள். கட்டிங் மிஷின் ஓடினால் பட்டறை மாவு மில் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவரின் புருவம் வெளுத்து, ஐந்தே நிமிடத்தில் அவருக்குச் சஷ்டியப்த பூர்த்தி வயது வந்துவிடும். அந்தத் தூசியில் கீபோர்டு இரண்டு மாதம் தாங்கும். மவுஸ் ஒரு மாதம். பிரிண்டர் ஒன்று வாங்கினார்கள். அது முதல் வாரமே இருமத் தொடங்கி, இரண்டாவது வாரம் நின்றுபோனது.

"கீபோர்டே இல்லாத பொட்டி எதுனா கீதா மாப்ள?" என்றார் மச்சான்.

"தொடுதிரை இருக்கு மச்சான். விரலாலயே எல்லாம் பண்ணலாம். தூசி போறதுக்கு ஓட்டையே கிடையாது."

எந்த முகப்பை எதிர்த்து உலகமே எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததோ, அதே முகப்போடு ஒரு பெரிய தொடுதிரைக் கணினி பட்டறையின் பிளைவுட் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தது. அதைத் திறந்துவைத்தபோது மச்சான் கைகட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பாத்ரூம் டைல்ஸ் கடை கேட்லாக் மாதிரி கீது?"

"பழகச் சிறிது காலம் ஆகும் மச்சான்."

"எத்தினி நாளு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் நேருக்கு நேராகக் கேட்டதில்லை. பேச்சை மாற்றி, டீ சொல்லச் சொன்னேன்.

அப்போது பட்டறையில் ஒரு முக்கியமான வேலை வந்திருந்தது. செங்கல்பட்டுக்கு வெளியே ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். விவசாயக் குடும்பம், லாரி ஓட்டி, லாரி வாங்கி, மேலே வந்தவர். வாசலில் நான்கடி உயரத்தில் ஒரு கருங்கல் யானை வேண்டும் என்று போட்டோவும் அனுப்பியிருந்தார். பீடம்கூடக் கட்டியாகிவிட்டது. "படத்துல இன்னா கீதோ அதே வேணும்" என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. அதுவரை ஓட்டல்களுக்குப் புத்தர் தலையும், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கையடக்கப் பிள்ளையாரும் செய்துகொண்டிருந்த பட்டறை அது. ஊர் உலகம் வந்து பார்க்கிற இடத்தில் மச்சானின் கல் நிற்கப்போவது இதுவே முதல் தடவை. இது சரியாக வந்தால் இனி கோயில் வேலையே கேட்டு வரும் என்று மச்சான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

வேலை மேஸ்திரியின் கையில். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. இரண்டு வழக்கங்களை அவர் யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டார். ஒன்று, முகத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் உடம்பில் உளி வைப்பார். மற்ற பட்டறைகளில் முழு உருவத்தையும் கரடுமுரடாக எடுத்துவிட்டுப் பிறகு செதுக்குவார்கள். இவரிடம் கேட்டால், "மூஞ்சி தெரியாம யாரு ஒடம்புன்னு நெனச்சி நான் வெட்றது?" என்பார். இரண்டாவது, நூல். படத்தின் மேலேயே நூலை வைத்து அளவெடுத்து, அந்த நூலைக் கல்லின் மேல் அடுத்தடுத்து ஐந்து முறை வைத்துக் காவியால் கோடு கிழிப்பார். திரையில் ஓர் அங்குலம், கல்லில் ஐந்து. முன்பு அச்செடுத்த தாளில் செய்ததை, பிரிண்டர் போன பிறகு பழைய கணினியின் கண்ணாடி மேலேயே செய்துவந்தார்.

நான் யானைப் படத்தைத் திரை நிறையத் திறந்து, ஸ்கேல் வைத்து, உயரம் ஒன்பதரை அங்குலம் வரும்படி நிறுத்திக் கொடுத்தேன். அணைப்பது எப்படி என்று மச்சான் கேட்டார். எனக்கே நிச்சயமில்லாததால், "அணைக்கவே வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று பெரிய மனதோடு சொன்னேன். திரை தூங்காமல் இருக்கவும் வழி செய்தேன். கரண்ட் போனாலும் தாங்க யு.பி.எஸ். இருந்தது. சாயங்காலமானால் திரையின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போவார்கள். காலையில் எடுத்தால் யானை அப்படியே நிற்கும். பத்து நாளில் முகம் முடிந்தது. நெற்றிமேடு, மடிப்பு விழுந்த காது, கண்ணோரத்தில் ஒரு சிரிப்பு. போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

அதற்கடுத்த நாள் ஆபீசில் இருந்தபோது மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, இது பேஜாரா கீது. மெயில் வந்துகீதுன்னு காட்டுது. தொட்டா ஒண்ணியும் ஆவல. குத்துனாலும் ஆவல. மேஸ்திரி உளியால தொடட்டான்னு கேக்கறாரு."

"வேணாம்! வேணாம்!" என்று நான் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார்.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. கல்மாவு அப்பிய, காய்ப்புக் காய்த்த விரல்களை அந்தத் திரையால் உணர முடியவில்லை. அன்று மாலையே பட்டறைக்குப் போய், திரையைத் துடைத்து, தடுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். "கையைக் கழுவிவிட்டுத் தொடவும்." கீழே ஒரு வாளி, சோப்பு, துண்டு. மெயில் பார்த்த பிறகு இடது ஓரத்திலிருந்து இழுத்தால் யானை திரும்ப வந்து நிற்கும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். மேஸ்திரி கை கழுவிவிட்டு வந்து ஒரு விரலால் தொட்டார். கட்டம் ஒன்று துள்ளித் திறந்தது.

"யோவ், உயிரோட கீதுய்யா!" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் பாட்டு வந்தது எனக்கு. ஒரு பயனரின் பிரச்சினையை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தீர்த்துவைத்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யானை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"நீயே பாரு. பாத்துட்டு சொல்லு."

பார்த்தேன். முகம் அதே கம்பீரமான முகம். அதற்குப் பின்னால் ஒரு சின்ன உடம்பு. பின்பக்கம் போகப் போக இன்னும் சின்னதாகி, குட்டையான நாலு கால்களில் முடிந்திருந்தது. கால்களுக்குக் கீழே ஒன்றேகால் அடிக்கும் மேல் வெறும் கல் மிச்சம்.

"கல்லு மிச்சமாச்சேன்னு உங்களுக்குத் தோணலையா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"தோணிச்சி சார். குவாரிக்காரன் இந்த வாட்டி தாராளமா குடுத்துக்கீறான்னு நெனச்சேன்."

"அளவு எப்படி எடுத்தீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அவர் வாளியில் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். நான் எழுதிய தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நூலின் ஒரு முனையைத் தும்பிக்கையில் இடது கைக் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை வாலில் வலது கை ஆட்காட்டி விரலால் பிடித்தார். இறுக்கிப் பார்த்தார். பிறகு நூல் வழுக்கிவிடாமல் எடுப்பதற்காக இரண்டு விரல்களையும் கண்ணாடியோடு ஒட்டியபடியே நெருக்கிக் கொண்டுவந்தார். திரையில் இருந்த யானை பணிவாக ஒரு சுற்று சுருங்கியது.

"இப்ப என்ன ஆச்சு பாத்தீங்களா?"

"அது தெனமும் அப்டித்தான் சார். அளவு எடுத்ததும் கொஞ்சம் ஒதுங்கிக்கும். நாம வேலைய முடிச்சிட்டோம்னு அதுக்குத் தெரியுது. மருவாத தெரிஞ்ச பொட்டி."

ஸ்கேலை எடுத்து வைத்தேன். ஒன்பதரை அங்குல யானை, தினம் ஒரு சுற்றாக, ஆறரை அங்குலத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தது.

முகத்துக்கு அளவெடுத்த நாட்களில் அவர் கையில் கல்மாவு இருந்தது. கண்ணாடிக்கு அவர் விரலே தெரியாது. அதனால் முகம் சரியாக வந்தது. கழுவச் சொன்ன பிறகுதான் படம் அவருக்குக் கீழ்ப்படியத் தொடங்கியது. இதை மனதுக்குள் கோத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு கண்ணியும் என் கையெழுத்திலேயே இருந்தது. சுவரில் வேறு ஒட்டியிருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மேஸ்திரிக்கு அது தெரியப்போவதில்லை. கல்லின் மேலோ கரண்டின் மேலோ பழியைப் போட்டுவிட்டு, மறுநாள் எப்போதும்போலச் சிறுசேரி பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மேஸ்திரி அந்த யானையின் காதை விரலால் தடவியபடி, "எனக்குக் கண்ணு போய்ட்ச்சி போலக்கீது மொதலாளி" என்று மச்சானிடம் மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து, நூல், விரல், சோப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் கடைசிவரை கேட்டார்.

"அப்போ கையக் கழுவாம இருந்திருந்தா?"

"நல்லா வந்திருக்கும்."

"நாப்பது வருசத்துல யாருமே கையக் கழுவச் சொல்லல மாப்ள. நீ ஒர்த்தன்தான் சொன்ன."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேறு கல் வந்து, முகத்திலிருந்து தொடங்குவதற்கு நாள் இல்லை. முகத்தையும் உடம்புக்கு ஏற்றபடி சின்னதாக்கலாம். ஆனால் அந்தக் கண்ணில் மறுபடி உளி வைக்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பிறகு கல்லைச் சுற்றி இரண்டு நடை நடந்து, காலுக்குக் கீழே இருந்த வெறும் கல்லைத் தட்டினார்.

"கீழ தாமரை போட்டுட்டா உயரம் நாலடி வந்துரும் மொதலாளி. அவுரு பீடத்துல சரியா ஒக்காரும். மேல நிக்கறது ஆனையில்ல, ஆனக் கன்னு. அத்த மட்டும் அவரண்ட சொல்லணும்."

"யாரு சொல்றது?" என்றார் மச்சான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் மண்டபத்துக்காரர் மனைவியோடு காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அந்தப் போட்டோ. தாமரை இதழ்கள் முடிந்திருந்தன. அவர் போட்டோவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இன்னாபா இது? நான் ஆனை கேட்டேன். நீ கொயந்தைய குடுக்கற."

என் வாயில் அந்த வாக்கியம் தயாராக வந்து நின்றது. புதிய அனுபவத்துக்குப் பழகச் சிறிது காலம். அதை விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். மச்சானுக்காகவும் மேஸ்திரிக்காகவும் தெளிவாகவே சொன்னேன்; கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னது நான், கழுவச் சொன்னது நான். அவர் கல்லை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி இன்னா வேலை பண்றீங்க?"

"கம்ப்யூட்டர்ல கஷ்டப்படறவங்களுக்குப் பதில் சொல்ற வேலை."

"நல்லா சொன்னீங்க போங்க."

இதற்குள் அவர் மனைவி கல்லின் அருகே போயிருந்தார். குனிய வேண்டிய அவசியம் இல்லாமல், கை தானாகப் போய் அந்த நெற்றிமேட்டில் விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ஏங்க, இது நம்மளப் பாத்து சிரிக்குதுங்க."

"அதுக்கு? நான் ஆனை கேட்டேன்டி."

"ஆனை எல்லா மண்டபத்து வாசல்லயும்தான் நிக்குது. யாராவது கிட்ட போறாங்களா? ஜோடி ஜோடியா வெச்சிட்டு, கம்பி வேலி போட்டுகினு. இது கிட்ட வான்னு கூப்புடுது. நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு வர்ற பசங்க இதும்மேலதான் இருக்கப்போவுது."

அவர் இன்னொரு தடவை போட்டோவைப் பார்த்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்தார். மச்சான் மூச்சு விட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"சரி, வெச்சிக்கறேன். ஆனா ஒரு கண்டிசன். தெறப்பு விழாவுக்கு ஊரே வரும். இன்னா ஆனை இப்டி கீதுன்னு ஆளாளுக்கு என்னைக் கேப்பான். நான் பந்தியப் பாப்பனா, பதில் சொல்வனா? இந்தத் தம்பி வந்து ஆனைகிட்ட நிக்கட்டும். கேக்கறவனுக்கு அவரே சொல்லட்டும்."

"நிப்பாரு. அதான அவரு வேலை" என்றார் மச்சான், என்னைக் கேட்காமலேயே.

திறப்பு விழா அன்று காலை ஏழு மணியிலிருந்து பட்டுவேட்டி கட்டிக்கொண்டு யானைக் கன்றின் பக்கத்தில் நின்றேன். விளக்கம் தயார் செய்திருந்தேன். பல்லவர் காலச் சிற்பங்களில் குட்டி யானைகளின் இடம் பற்றி இரண்டு நிமிடம், அதில் சமாதானம் ஆகாதவர்களுக்கு உண்மை. மேஸ்திரியும் வந்து, கேட்காததுபோல ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். ஜனம் வந்தது. முதலில் ஒரு குழந்தை ஏறியது. அதை இறக்கிவிட வந்த அப்பா, இறக்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தார். அதைப் பார்த்து அடுத்த குழந்தை. வயதானவர்கள் போகிற போக்கில் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் படிக்கவில்லை, பழகவில்லை, நேராகத் தொட்டார்கள்.

என்னிடமும் நிறையப் பேர் கேட்டார்கள். நான் எண்ணவில்லை, ஆனால் கேள்வி ஒன்றேதான்.

"அண்ணாத்த, பந்தி எந்தப் பக்கம்?"

"நேரா போய் இடது பக்கம், படி இறங்குங்க" என்றேன் ஒவ்வொருவரிடமும். "நன்றி" என்றுகூடச் சொன்னார்கள் சிலர். பல்லவர்கள் கடைசிவரை வெளியே வரவில்லை. பத்து மணிக்கு மேஸ்திரி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "இன்னா சார் சொல்றாங்க?" என்றார். பசி என்கிறார்கள் என்றேன். அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை ஆபீசில் என் பொதுப் பதிலை அழித்துவிட்டு, "திரையின் வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுங்கள், அமைப்புகள் என்பதைத் தொடுங்கள், அணைக்கும் பொத்தான் அங்கே இருக்கிறது" என்று எழுதினேன். மேலிடத்தில் பாராட்டவில்லை. "ஏன்?" என்ற கடிதத்தைத் தேடி எடுத்து, நியாயமான கேள்விப் பெட்டியில் போட்டேன். பிற்பாடு அந்த நிறுவனமே பொத்தானைப் பழைய மூலையில் திருப்பி வைத்துவிட்டது. யார் எழுதிய கடிதத்தால் என்று தெரியாது. அந்த ஆசிரியையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மச்சானுக்குக் கோயில் வேலை எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடம், பூங்கா, ஆஸ்பத்திரி வாசல் என்று யானைக் கன்றுகள் கேட்டு வருகிறார்கள். மேஸ்திரி இப்போதும் முகத்தை முதலில் முடிக்கிறார், இப்போதும் கண்ணாடி மேல் நூல் வைக்கிறார். கையை மட்டும் கழுவுவதில்லை. உடம்புக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிட்டதாம். நான் ஒட்டிய தாள் சுவரில் அப்படியே இருக்கிறது. மேலே யாரோ காவியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. கன்றின் நெற்றிமேடு, இத்தனை வருடக் கைகள் பட்டு, எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. நானும் போய்க் கை வைத்தேன். கல் வெயிலில் இதமாகச் சூடேறியிருந்தது.

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"சாப்ட்டுக் கையக் கழுவினீங்களா?"